கடலை நிரப்பிக் கட்டிய ஊர்: மும்பையில் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

மும்பைக்குப் போகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும்: கேட்வே ஆஃப் இந்தியா, மரைன் டிரைவ், ஹாஜி அலி, சித்திவிநாயகர், ஜுஹு கடற்கரை, நேரம் இருந்தால் ஏதாவது ஒரு நடிகரின் வீட்டு வாசல். காலையில் ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு கிளம்பினால் இரவுக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் ஊர் எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் நெரிசலைப் பற்றித்தான் பேசுவார்கள். பட்டியலில் குறையில்லை. ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் என்ன உறவு என்று யாரும் சொல்லித்தராததால்தான் ஊர் பிடிபடாமல் போகிறது. அந்த உறவு கடல். தென்மும்பையில் நாம் நடக்கும் தெருக்களில் பல, ஒரு காலத்தில் கடலாகவோ அலை ஏறி இறங்கும் சேற்றுநிலமாகவோ இருந்தவை.

கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஸ்காவ், பரேல், வொர்லி, மாஹிம் என்று ஏழு தீவுகள். அவற்றில் கோலி மீனவர்கள் வாழ்ந்தார்கள். 1534-இல் குஜராத் சுல்தானிடமிருந்து போர்ச்சுகீசியர் கைக்கு இவை போயின. 1661-இல் போர்ச்சுகல் இளவரசி கேத்தரினுக்கும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கும் நடந்த திருமண ஒப்பந்தத்தில் சீதனத்தோடு சேர்ந்து ஆங்கிலேயருக்கு வந்தன. 1668-இல் ஆண்டுக்கு 10 பவுண்டு குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார் மன்னர். அதன்பிறகு ஏறக்குறைய 300 ஆண்டுகள் நடந்த வேலை ஒன்றுதான்: தீவுகளுக்கு நடுவில் இருந்த நீரை அடைத்து, குன்றுகளை வெட்டி அந்த மண்ணால் பள்ளத்தை நிரப்பி, ஏழையும் ஒரே நிலமாக்குவது. பார்க்க வேண்டிய இடங்கள் என்று நாம் சொல்பவை இந்த வேலையின் வெவ்வேறு கட்டங்களில் எழுந்தவை. சில, அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பே இருந்தவை.

போவதற்கு முன் ஊரின் வடிவத்தை மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. வடக்கு தெற்காக நீண்டு, தெற்கே ஒடுங்கிப் போகும் நிலம் இது. மேற்கே அரபிக் கடல், கிழக்கே துறைமுகம். பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் தெற்கு முனையில், நடந்தே போகக்கூடிய தொலைவுக்குள் இருக்கின்றன. அங்கே முழுதாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். எலிபெண்டா தீவுக்கு அரை நாள், வடக்கே கன்ஹேரிக் குகைகளுக்கு அரை நாளுக்குச் சற்று மேல். இவ்வளவு கிடைத்தால் ஊரை ஓரளவு அறிந்துகொள்ளலாம். ஒரே நாள்தான் கைவசம் என்றால் தெற்கை மட்டும் பாருங்கள். வடக்குக்கு அலைந்து நாளைச் சாலையில் செலவழிக்க வேண்டாம்.

எல்லோரும் தொடங்கும் இடத்திலேயே தொடங்கலாம். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியும் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டியது கேட்வே ஆஃப் இந்தியா. அவர்கள் வந்தபோது இந்த வாயில் இல்லை. அட்டையால் செய்த தற்காலிக அமைப்பைத்தான் பார்த்தார்கள். கட்டடக் கலைஞர் ஜார்ஜ் விட்டெட் 16-ஆம் நூற்றாண்டுக் குஜராத் பாணியைத் தழுவி வரைந்த வாயில், கரையை நிரப்பி அடித்தளம் போட்டு எழுந்து, 1924-இல்தான் திறக்கப்பட்டது. மஞ்சள் சாயல் கொண்ட எரிமலைப் பாறையில் 26 மீட்டர் உயரம். அரசர் வந்ததைக் கொண்டாடக் கட்டிய இந்த வாயில் வழியாகத்தான் 1948 பிப்ரவரி 28 அன்று ஆங்கிலேயப் படையின் கடைசிப் பிரிவு அணிவகுத்துக் கப்பலேறிப் போனது. எதிரே இருக்கும் தாஜ் மகால் ஹோட்டல் இதைவிட மூத்தது. ஜாம்ஷெட்ஜி டாட்டா கட்டி 1903-இல் திறந்தது. காலை எட்டு மணிக்கு முன் போய்விட்டால் கூட்டம் இருக்காது, கல்லின் நிறமும் நன்றாகத் தெரியும்.

சீக்கிரம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எலிபெண்டாவுக்கான படகுகள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. காலை ஒன்பது மணியளவில் தொடங்கும்; ஏறக்குறைய ஒரு மணிநேரப் பயணம். திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும், மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள். 2024 டிசம்பரில் இதே வழியில் பயணிகள் படகு ஒன்று விபத்துக்குள்ளாகிப் பலர் இறந்தார்கள். உயிர்காப்பு உடையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கு அளவு சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வெயிலும் புழுக்கமும் தாங்காதவர்கள் மதியத்துக்கு முன் திரும்பிவிடுவது நல்லது.

மும்பையில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் எலிபெண்டாவைத்தான் சொல்வேன். உள்ளூர்க்காரர்களுக்கு இது காராபுரி. படகுத்துறையிலிருந்து சிறு ரயில் ஒன்று போகும், நடந்தும் போகலாம். அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். குரங்குகள் உண்டு, உணவுப் பொட்டலத்தை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டாம். மேலே முதலாவதாக வரும் பெரிய குகைதான் முக்கியம். 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. காலச்சூரி மன்னர் காலத்தது என்கிறார்கள். மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் குடைவரை எடுப்பதற்கு முன்பே இங்கே மலையைக் குடைந்து இவ்வளவு பெரிய மண்டபத்தை அமைத்திருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. கண் இருளுக்குப் பழகும்வரை ஓரிடத்தில் நில்லுங்கள். மெல்ல மெல்லத் தூண்களும், எதிர்ச்சுவரில் சதாசிவ மூர்த்தியும் புலப்படும். 5 மீட்டருக்கு மேல் உயரம், மூன்று முகங்கள். திரிமூர்த்தி என்று பலகைகளில் எழுதியிருந்தாலும் பிரம்மா, விஷ்ணு, சிவன் என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். மூன்றுமே சிவனின் முகங்கள். நடுவில் கண்மூடிய தத்புருஷம். நமக்கு இடப்பக்கம் மீசையும் சினமுமாக அகோரம். வலப்பக்கம் பெண்மையின் சாயலோடு, கையில் தாமரையோடு வாமதேவம். ஒரே கல்லில், ஒரே கழுத்தில் இந்த மூன்று மனநிலைகளும் எப்படி ஒன்றை ஒன்று கலைக்காமல் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதன் ஒருபுறம் அர்த்தநாரீசுவரர், மறுபுறம் கங்காதரர். கயிலாயத்தைத் தூக்கும் ராவணன், அந்தகாசுரனை வதைக்கும் சிவன், ஆடும் சிவன், பார்வதி திருமணம் என்று மற்றவை சுற்றிலும் உள்ளன. கோயில்களில் கல்யாணசுந்தரரைப் பார்த்துப் பழகிய தமிழ்க் கண்ணுக்கு அந்தத் திருமணக் காட்சி உடனே புரிந்துவிடும். நாணித் தலை சாய்த்து நிற்கும் மணப்பெண்ணை நன்றாகப் பாருங்கள். பல உருவங்களின் கைகால்கள் உடைந்துள்ளன. போர்ச்சுகீசியர் காலத்தில் நடந்த சேதம் அதில் கணிசமானது. அப்படியிருந்தும் மிஞ்சியதே இவ்வளவு என்றால் முழுதாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு வராமல் இருக்காது. 1987 முதல் இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். மற்ற குகைகளை அவசரமாகப் பார்த்தால் போதும்.

தீவில் ஒரு பெரிய கல்யானை இருந்தது. அதைப் பார்த்துத்தான் போர்ச்சுகீசியர் எலிபெண்டா என்று பெயரிட்டார்கள். 1864-இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது பளு தாங்காமல் பாரந்தூக்கி முறிந்து, யானை விழுந்து உடைந்தது. துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, இப்போது பைகுல்லாவில் உள்ள டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் வெளியே வைத்திருக்கிறார்கள். 1872-இல் திறந்த அந்த அருங்காட்சியகமே பார்க்கத் தகுந்தது. பழைய பம்பாயின் வரைபடங்கள், களிமண் பொம்மைகள், கப்பல் மாதிரிகள் என்று ஊரின் கதையை நேரடியாகச் சொல்கிறது. புதன்கிழமை விடுமுறை.

கேட்வேக்குத் திரும்பி வடக்கே சில நிமிடம் நடந்தால் காலா கோடா. இங்குள்ள சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயாவும் விட்டெட் வரைந்ததுதான். பழைய பெயர் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம். அதன் குவிமாடத்தைப் பார்க்கும்போது பீஜப்பூர் கோல் கும்பஸ் நினைவுக்கு வந்தால் அது தற்செயல் இல்லை. எலிபெண்டாவில் உடைந்த சிற்பங்களைப் பார்த்த கண்ணோடு உள்ளே சிற்பக் கூடத்துக்குப் போனால் நிறையப் புரியும். அடுத்த தெருவில் நீல வண்ணம் பூசிய கெனெசெத் எலியாஹூ யூத ஆலயம் 1884-இல் சசூன் குடும்பம் கட்டியது. பாக்தாதிலிருந்து வந்த அந்த யூதக் குடும்பத்தின் பெயரைக் கொலாபாவில் சசூன் டாக் என்னும் மீன்பிடித் துறையில் மறுபடி சந்திப்போம்.

இங்கிருந்து ஹார்னிமன் சர்க்கிள் வரை உள்ள பகுதிக்குப் பெயர் ஃபோர்ட். ஆனால் கோட்டையைத் தேடினால் கிடைக்காது. 1860-களில் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரேயர் மதில்களை இடித்துவிட்டார். மதிலின் வாயில்களில் ஒன்று இருந்த இடத்தில்தான் 1864-இல் ஃப்ளோரா நீரூற்று வந்தது. ஊருக்கு அப்போது அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரை அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு போவது நின்றது. அந்த இடத்தை இந்தியப் பஞ்சு பிடித்தது. ஏற்றுமதி பம்பாய்த் துறைமுகம் வழியாக. குவிந்த பணத்தில் வங்கிகளும் நிலமீட்புக் கம்பெனிகளும் முளைத்தன. போர் முடிந்ததும் பஞ்சு விலை சரிந்து, பல கம்பெனிகள் திவாலாயின. ஆனால் எழுப்பத் தொடங்கிய கட்டடங்கள் நின்றுவிட்டன.

அவற்றைப் பார்க்க ஓவல் மைதானத்தின் நடுவில் போய் நில்லுங்கள். சுற்றிலும் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். கிழக்கே திரும்பினால் உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம், 85 மீட்டர் உயர ராஜாபாய் கோபுரம். பஞ்சு வணிகத்தில் கொழித்து அதிலேயே வீழ்ந்து மீண்ட பிரேம்சந்த் ராய்சந்த் தன் தாயின் பெயரால் கொடுத்த கொடை அந்தக் கோபுரம்; 1878-இல் முடிந்தது. சமண நெறிப்படி சூரியன் மறையுமுன் உணவு முடிக்க வேண்டிய, பார்வையற்ற தாய்க்கு மணியோசையே நேரம் சொல்லட்டும் என்று அவர் கட்டியதாகச் சொல்வார்கள். அப்படியே மேற்கே திரும்புங்கள். வளைந்த பால்கனிகளும் வெளிர் வண்ணங்களுமாக ஆர்ட் டெக்கோ அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கும். அவை 1930-களில் எழுந்தவை. அவை நிற்கும் நிலம் பேக் பே விரிகுடாவைத் தூர்த்து எடுத்தது. கோபுரம் கட்டியபோது அதற்கு மேற்கே மைதானம், தண்டவாளம், அதைத் தாண்டினால் கடல். ஆக, ஒரே மைதானத்தின் கிழக்குப் பக்கம் 19-ஆம் நூற்றாண்டு, மேற்குப் பக்கம் 20-ஆம் நூற்றாண்டு. இந்த இரு வரிசைகளையும் மரைன் டிரைவ் கட்டடங்களையும் சேர்த்து 94 கட்டடங்களை 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் எடுத்துக்கொண்டது. பட்டியலோடு வரும் பயணிகள் பலர் இந்த மைதானத்துக்கு வருவதே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்தை, விக்டோரியா டெர்மினஸ் என்ற பழைய பெயரைச் சுருக்கி, ஊர்க்காரர்கள் இன்னும் வி.டி. என்கிறார்கள். 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் தாணேவுக்குப் புறப்பட்டது இதை ஒட்டியிருந்த போரி பந்தர் நிலையத்திலிருந்துதான். 34 கிலோமீட்டர் பயணம். இப்போதுள்ள கட்டடம் எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வரைந்தது, 1878-இல் தொடங்கிப் பத்தாண்டு வேலை. முதலில் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் நின்று முழுதாகப் பாருங்கள். உச்சியில் முன்னேற்றத்தைக் குறிக்கும் பெண்ணின் சிலை, வாயில் தூண்களில் பிரிட்டனுக்குச் சிங்கமும் இந்தியாவுக்குப் புலியும். அப்புறம் கிட்டே வந்து சுவரைப் பாருங்கள். மயில், குரங்கு, இலைகள், கொடிகள் என்று கல்லில் எங்கும் உயிர். இந்த வேலைப்பாடுகளில் பலவற்றைச் செய்தவர்கள் ஜே.ஜே. கலைப்பள்ளியின் மாணவர்கள். ஐரோப்பிய வடிவத்துக்குள் இந்த மண்ணின் செடிகொடிகளைக் கொண்டுவந்தது அவர்கள் கை. டிக்கெட் கொடுக்கும் கூடத்தின் விதானத்தையும் அண்ணாந்து பார்க்கத் தவறாதீர்கள். ஓடுகிற கூட்டத்தின் வழியில் நிற்காமல் ஒரு தூணோரம் ஒதுங்கிப் பார்ப்பது நல்லது. 2004 முதல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் உண்டு. கட்டடத்துக்கு விளக்குப் போடும் மாலைப்பொழுதில் இன்னொரு முறை வரலாம்.

வி.டி.யிலிருந்து கொஞ்ச தூரத்தில் கிராஃபர்ட் மார்க்கெட். வாயிலின் மேலுள்ள புடைப்புச் சிற்பங்களை வடித்தவர் லாக்வுட் கிப்ளிங். எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் தந்தை. ஏப்ரல், மே மாதங்களில் போனால் ஹாப்பூஸ் மாம்பழப் பெட்டிகள் அடுக்கியிருக்கும்.

மாலையில் மரைன் டிரைவ். 3.6 கிலோமீட்டர், முழுவதும் கடலைத் தூர்த்த நிலம். இங்கே செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, சுவரில் உட்கார வேண்டியதுதான். வீட்டில் தனியே உட்கார இடமில்லாத ஓர் ஊரில் இந்தச் சுவர்தான் பலருக்கும் முற்றம். வடக்கு முனையில் கிர்காவ் சௌபாட்டி. பேல்பூரியும் குல்ஃபியும் விற்கும் இதே மணலில்தான் 1920-இல் திலகரின் உடலுக்கு எரியூட்டினார்கள். அவர் சிலை அங்கே நிற்கிறது. அங்கிருந்து கொஞ்சம் உள்ளே போனால் லபர்னம் சாலையில் மணி பவன். 1917 முதல் 1934 வரை காந்தி பம்பாய் வரும்போதெல்லாம் தங்கிய வீடு. 1932 ஜனவரி 4 விடியுமுன் அதன் மொட்டைமாடியில்தான் அவரைக் கைது செய்தார்கள். அவர் இருந்த அறையை ராட்டையோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே, வெள்ளையனே வெளியேறு தீர்மானம் 1942 ஆகஸ்ட் 8-இல் நிறைவேறிய கோவாலியா குளத்து மைதானம். ஏதாவது ஒரு கோடீசுவரர் வீட்டை வெளியே நின்று பார்க்கச் செலவாகும் நேரத்தில் இந்த இரண்டையும் பார்த்துவிடலாம்.

மலபார் குன்றின் மறுபக்கச் சரிவில் பாண்கங்கா என்று ஒரு படிக்குளம் இருக்கிறது. சிலாஹார மன்னர் காலத்தில், 1127-இல் எடுத்தது என்பார்கள். சுற்றிலும் கோயில்கள், வீடுகள், படியில் துணி துவைப்பவர்கள், வாத்துகள். கடலுக்கு இவ்வளவு அருகே இருந்தும் ஊற்றிலிருந்து நன்னீர் வருகிறது. சீதையைத் தேடி வந்த ராமன் தாகத்துக்கு அம்பு எய்த இடம் என்பது தலக்கதை. ஆங்கிலேயர் வருவதற்கு முந்தைய பம்பாய் கொஞ்சமாவது தெரிய வேண்டும் என்றால் இங்கே வாருங்கள்.

இனி ஊர் ஒட்டவைக்கப்பட்ட இடத்துக்குப் போவோம். பம்பாய்த் தீவுக்கும் வொர்லித் தீவுக்கும் நடுவில் பெரிய வாய் ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஏற்றத்தின்போதும் அதன் வழியே கடல் உள்ளே புகுந்து, நடுவிலிருந்த தாழ்நிலம் முழுவதையும் மூழ்கடிக்கும். அதை அடைக்க ஆளுநர் வில்லியம் ஹார்ன்பி காலத்தில் கல்லணை எழுப்பினார்கள். 1784 வாக்கில் முடிந்தது. கட்டக் கட்டச் சுவர் இடிந்துகொண்டே இருந்ததாம். பொறியாளரின் கனவில் தேவி வந்து, கடலுக்குள் கிடக்கும் என்னை எடுத்துக் கோயில் கட்டு என்றாளாம். வலைவீசித் தேடியபோது கிடைத்த சிலைகளுக்குக் கட்டியதுதான் மகாலட்சுமி கோயில் என்று சொல்கிறார்கள். அந்த அணை இன்று லாலா லஜபத் ராய் சாலை. அதன்மேல் வண்டிகள் விரைகின்றன. அணை நின்றதால்தான் உள்ளே நிலம் காய்ந்தது, ஊர் வடக்கே நகர்ந்தது. மகாலட்சுமியில் கும்பிடுகிறவர்களும் குதிரைப் பந்தய மைதானத்தைக் கடந்து போகிறவர்களும் அந்தப் பழைய கடற்படுகையின் ஓரத்தில்தான் போகிறார்கள்.

அடைபடாமல் விட்ட கடலில், கரையிலிருந்து ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தள்ளி ஹாஜி அலி தர்கா. சூஃபி ஞானி பீர் ஹாஜி அலி ஷா புகாரியின் நினைவாக 1431-இல் எழுந்தது. நடைபாதைக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஏற்றத்தின்போது பாதை நீருக்குள் போய்விடும், தர்கா தனித்தீவாகிவிடும். அதனால் அன்றைய ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். எல்லா மதத்தவரும் வருகிறார்கள். பெண்கள் உள்ளே சமாதி வரை போகலாம் என்று 2016-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலையை மூடிக்கொள்ளத் துணி எடுத்துச் செல்லுங்கள்.

ஊரின் முதல் குடிகளான கோலிகளைப் பார்க்காமல் திரும்பினால் பயணம் முழுமையாகாது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விடியுமுன் கொலாபாவில் சசூன் டாக் போவது. ஆல்பர்ட் சசூன் 1875-இல் கட்டிய துறை. படகுகளிலிருந்து மீன் இறங்குவதும் கூடைகள் பறப்பதும் கோலிப் பெண்கள் ஏலம் கூறுவதுமாக ஆறு மணிக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். ஈரத்துக்கும் நாற்றத்துக்கும் ஏற்ற செருப்போடு போங்கள், கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். இன்னொன்று, வொர்லி கோலிவாடா. முனையில் ஆங்கிலேயர் கட்டிய சிறு கோட்டை, அதன் அடியில் மீனவர் குடியிருப்பு, மழை முடிந்த மாதங்களில் கழிகளில் காயும் பொம்பில் மீன். எதிரே 2009-இல் திறந்த 5.6 கிலோமீட்டர் பாந்த்ரா–வொர்லி கடல்பாலம். பாலத்தில் நடக்க அனுமதி இல்லை, ஆகவே அதைப் பார்க்கச் சிறந்த இடங்களில் ஒன்று இந்தக் கோட்டை. 2024-இல் திறந்த கடற்கரைச் சாலையும் கடலைத் தூர்த்ததே. அதன் பாலத் தூண்களின் இடைவெளி படகு போகப் போதாது என்று வொர்லிக் கோலிகள் விடாமல் போராடி, இடைவெளியை 120 மீட்டராக்க வைத்தார்கள். தூர்க்கும் வேலை இன்னும் முடியவில்லை, அதன் விலையை முதலில் கொடுப்பவர்களும் மாறவில்லை. கோலிவாடாவில் கால்மணி நேரம் நின்றாலே இது விளங்கிவிடும்.

தமிழர்களுக்கு மாட்டுங்கா. 1896-இல் பிளேக் நோய் ஊரை உலுக்கியபின், நெருக்கத்தைக் குறைக்க நகர மேம்பாட்டு அமைப்பு திட்டமிட்டு உருவாக்கிய புறநகர் இது. அகன்ற தெருக்கள், ஐந்து பூங்காக்கள். அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் எழுத்தர் வேலைக்கு வந்த தென்னிந்தியர் இங்கே நிலைத்தார்கள். பூக்கடை, வாழையிலை, கோயில், ஃபில்டர் காபி எல்லாம் உண்டு. கஃபே மெட்ராஸிலும் ராம நாயக் உடுப்பியிலும் ஞாயிற்றுக்கிழமை காத்திருக்க வேண்டியிருக்கும், காத்திருங்கள். அடுத்து தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம். தோல் பதனிடும் தொழிலை வளர்த்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. சௌராஷ்டிரக் குயவர்களின் கும்பார்வாடாவும் இங்கேதான். ‘நாயகன்’, ‘காலா’ பார்த்துவிட்டு வறுமையை வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம். தோல் பொருள் வாங்கவும் பானை வனைவதைப் பார்க்கவும் போங்கள். அங்குள்ளவர்களே வழிகாட்டும் நடைப்பயணங்கள் இருக்கின்றன. கேமராவைப் பையில் வையுங்கள். தமிழில் பேசினால் தமிழில் பதில் வரும்.

வடக்கே, போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. 100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு, நகரத்தின் உள்ளேயே; சிறுத்தைகள் வாழ்கின்றன. அதற்குள் கன்ஹேரி. எரிமலைப் பாறையில் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். கி.மு. 1-ஆம் நூற்றாண்டு தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் துறவிகள் இங்கே வாழ்ந்தார்கள். சோபாரா, கல்யாண் துறைமுகங்களின் வணிகர்கள் கொடை கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. மூன்றாம் எண் சைத்தியமும் அதன் முன்மண்டபத்தின் இரு கோடியிலும் நிற்கும் மாபெரும் புத்தர்களும் எல்லோர் கண்ணிலும் படும். நான் பார்க்கச் சொல்வது தண்ணீரை. மலைச்சரிவில் மழைநீர் ஓடிவரக் கல்லில் வாய்க்கால் செதுக்கி, குகை வாசலில் தொட்டிகள் வெட்டியிருக்கிறார்கள். ஒரு தொட்டி நிரம்பினால் அடுத்ததற்கு. படுக்கைக்குக் கல்மேடை, உட்காரத் திண்ணை, குடிக்கத் தொட்டி. மழைக்காலத்தில் போனால் அந்த வாய்க்கால்கள் இன்றும் வேலை செய்வதைக் காணலாம். பூங்கா வாயிலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். பேருந்தும் வாடகைச் சைக்கிளும் கிடைக்கும். திங்கட்கிழமை விடுமுறை.

போக்குவரத்தைப் பற்றி. லோக்கல் ரயில்தான் ஊரின் நரம்பு. மேற்குப் பாதைக்குச் சர்ச்கேட், மத்திய, ஹார்பர் பாதைகளுக்கு வி.டி. காலை எட்டிலிருந்து பதினொன்று வரை தெற்கு நோக்கியும், மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை வடக்கு நோக்கியும் குழந்தைகளோடும் பெட்டியோடும் ஏறாதீர்கள். ‘ஃபாஸ்ட்’ வண்டி எல்லா நிலையத்திலும் நிற்காது, கேட்டுவிட்டு ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக ‘மெகா பிளாக்’ அறிவிப்பார்கள். முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோ பாந்த்ராவுக்கும் சயனுக்கும் வடக்கேதான், தெற்கே கறுப்பு மஞ்சள் டாக்சி. மீட்டர் போட்டு ஓட்டுகிறார்கள். தென்மும்பையை மின்சார இரட்டை மாடிப் பேருந்தின் மேல்தளத்திலிருந்து ஒருமுறை பாருங்கள், குழந்தைகளுக்கு அதுவே பெரிய காட்சி.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பதற்கு ஏற்ற காலம். நவம்பரிலிருந்து மே வரை சேவ்ரி, தாணே கழிமுகச் சேற்றில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து மேயும். நீர் ஏறவும் வேண்டாம், முழுதாக வற்றவும் வேண்டாம், இடைப்பட்ட நேரத்தில் அருகில் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மரைன் டிரைவ் சுவரில் அலை மோதித் தெறிப்பதைப் பார்க்க ஊரே திரளும் காலம் அது. கன்ஹேரியும் பச்சையாக இருக்கும். ஆனால் தூர்த்த நிலம் தாழ்நிலம். ஏற்றமும் கனமழையும் சேர்ந்தால் மழைநீர் வடியக் கடல் இடம் கொடுக்காது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது ஊர் மூழ்கியது. மழைக்காலத்தில் போகிறவர்கள் காலையில் இரண்டைப் பாருங்கள்: வானிலை மையத்தின் எச்சரிக்கை, மாநகராட்சி அறிவிக்கும் ஏற்ற நேரமும் உயரமும். 4.5 மீட்டரைத் தாண்டும் ஏற்றமும் சிவப்பு எச்சரிக்கையும் ஒரே நாளில் வந்தால் ஹாஜி அலியையும் எலிபெண்டாவையும் அடுத்த நாளுக்குத் தள்ளிவிட்டு, தங்கியிருக்கும் இடத்துக்கு நடந்தே திரும்பக்கூடிய தொலைவில் உள்ள அருங்காட்சியகம் எதற்காவது போங்கள்.